மலை முத்தலிபு

என் அக்கா ஹாஜரா, எங்கள் வழக்கில் ராத்தா, அவளுடைய புருஷன் முத்தலிபு மச்சான், ஐம்பது வயது வரை இலங்கையை வெளியே நின்று மட்டும் பார்த்த மனிதர். புத்தளத்துக் கடலோர ஊரான எத்தாளையில் பிறந்தார், எத்தாளையிலேயே கலியாணம் முடித்தார், மீசை முளைக்கும் முன்னே வள்ளத்தில் ஏறினார். கடலில் இருந்து பார்க்கும்போது கரையில் என்ன தெரிகிறதோ அதுதான் அவருக்கு நாடு. நுரைச்சோலை மின்நிலையத்தின் புகைபோக்கி, தலவில் தேவாலயத்தின் முகப்பு, வடக்கே போனால் குதிரைமலையின் சிவந்த மண்மேடு என்று ஒவ்வொன்றும் எங்கிருந்து எப்படித் தெரியும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். பொம்பரிப்புப் பக்கம் காட்டு யானைகள் கடற்கரைக்கு வருவதைக்கூட வள்ளத்தில் இருந்து கண்டிருக்கிறார். அதே மனிதரைப் புத்தளம் பஸ் நிலையத்தில் இறக்கிவிட்டால் எந்த பஸ் எங்கே போகும் என்று தெரியாமல் திருதிருவென்று முழிப்பார்.

ஊரில் அவருக்கு 'மலை முத்தலிபு' என்று பட்டம். மலை ஏறியவர் என்பதற்காக வைத்த பெயர் அல்ல, கேலிக்கு வைத்த பெயர். எங்கள் பக்கத்தில் மலை என்று சொல்ல ஒரு மேடுகூட ஒழுங்காகக் கிடையாது.

நாட்டில் உள்நாட்டுச் சண்டை நடந்த காலத்தில் மச்சானும் அவருடைய சிநேகிதர் றவூப் நானாவும் ஒரே வள்ளத்தில் தொழிலுக்குப் போவார்கள். ஒரு தடவை நடுக்கடலில் எஞ்சின் நின்றுவிட்டது. காற்றும் மழையும் பிடித்துக்கொண்டன. நீரோட்டம் அவர்களைத் தெற்கே இழுத்து, கரை கண்ணுக்கே தெரியாத தூரத்துக்குக் கொண்டுபோய்விட்டது. குடிக்கத் தண்ணீர் முடிந்து, இனி மவுத்துத்தான் என்று இருந்தபோது ஒரு விடியற்காலையில் மழை விட்டது. அப்போது தென்கிழக்கே, வானத்தின் அடியில், நீலமாக ஒரு கூர்முனை தெரிந்தது என்பார் மச்சான். கரை இல்லை, தென்னை இல்லை, அது மட்டும் தெரிந்ததாம். பாவா ஆதம் மலை. ஆதம் நபி பூமியில் முதன்முதலாகக் கால் பதித்த இடம் என்று நாங்கள் எல்லோரும் பால் குடிக்கும் வயதில் இருந்து கேட்டு வளர்ந்த மலை.

மச்சான் அந்த இடத்திலேயே நிய்யத்து வைத்தார். உயிரோடு கரை சேர்ந்தால் அந்த மலையில் ஏறுவேன், அங்கே நின்று இந்தக் கடலைப் பார்ப்பேன் என்று. பிறகு வள்ளத்தின் பலகையைக் கழற்றித் துடுப்பாக்கி, அந்த முனையை நோக்கியே வலித்தார். வெயில் ஏற மலை மறைந்துவிட்டது, ஆனால் திசை பிடிபட்டுவிட்டது. சிலாபத்துக்குப் பக்கத்தில் கரை தட்டினார்கள்.

கதையைக் கேட்ட ஊர் முதலில் அழுதது. அடுத்த கிழமையே சிரிக்கத் தொடங்கிவிட்டது. காரணம் றவூப் நானா. தேத்தண்ணிக் கடையில் உட்கார்ந்துகொண்டு, "மலையுமில்ல ஒண்டுமில்ல. நானும் அதே வள்ளத்திலதானே இருந்தன். அது மேகம்" என்று சொல்லிவிட்டார். கூட இருந்தவரே சொன்ன பிறகு வேறு பேச்சு எதற்கு? அன்றிலிருந்து மச்சான் சூரைக் கூட்டம் கண்டேன் என்றால், "மீனா, மேகமா?" என்று கேட்பார்கள். பெருநாள் பிறை கண்டேன் என்று ஒரு தடவை பள்ளிவாசலுக்கு ஓடினார். பள்ளிக்குள்ளேயே சிரித்தார்கள். பிறை உண்மையாகவே வந்திருந்தது, அது வேறு விசயம்.

ஊர் சிரித்ததை மச்சான் தாங்கிக்கொண்டார். தாங்க முடியாமல் போனது ராத்தாவின் ஒரு சொல். ராத்தாவுக்கு முகத்துக்காகப் பொய் சொல்லத் தெரியாது. கலியாண வீட்டில் இனிப்புக்கு வைத்த வட்டிலப்பம் எப்படி என்று கேட்டால், "தேங்காய்ப்பால் காணாது" என்று மாப்பிள்ளையின் உம்மாவிடமே சொல்லிவிட்டு வருவாள். அவள் ஒருநாள் மீன் கழுவிக்கொண்டே, தலையைத் தூக்காமல், "மேகமாத்தான் இரிக்கும்" என்று சொன்னாள். பிறகு ஒருநாள் மச்சான் என்னிடம் சொன்னார்.

"கணக்கு லேசு, நஃபீஸா. அந்த மலையில நிண்டா கடல் தெரியுமெண்டா, கடல்ல நிண்டா மலை தெரியும். தெரியல்லயெண்டா நான் பொய்யன். அத எனக்கு ஒருக்கா பாக்கணும்."

சண்டைக் காலத்தில் சோதனைச் சாவடிகளைத் தாண்டி மலைக்குப் போக யாரால் முடியும்? பிறகு வீடு கட்டினார், வலை வாங்கினார், காலம் போய்விட்டது. சண்டை முடிந்து நாலைந்து வருடம் ஆனபோது எங்கள் பக்கத்திலும் ட்ரிப் போகும் பைத்தியம் பிடித்தது. மூடிக் கிடந்த வில்பத்துக் காடும் திறந்துவிட்டது. மச்சானின் மகள் றிஃப்னா ஓ.எல். பரீட்சை எழுதி முடித்துவிட்டு, சிறுத்தை பார்க்க வேண்டும் என்று ஒரே பிடியாக நின்றாள். மச்சான் உடனே, "சரி, காட்டுக்கும் போவம், மலைக்கும் போவம்" என்றார். ராத்தா, "யானையப் பாத்தா அது சோறு போடுமா?" என்று கேட்டாள். அது சம்மதம் என்று எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

திட்டம் போட ஒரு பின்னேரம் முற்றத்தில் கூடினோம். வேன் வைத்திருந்த ஹுனைஸ் வந்தார். தொண்ணூறில் முஸ்லிம்களை எல்லாம் வெளியேற்றியபோது மன்னாரில் இருந்து விரட்டப்பட்டுக் குழந்தையாக எங்கள் பக்கம் வந்தவர், இப்போது இந்த நாட்டின் எல்லா ரோட்டும் அவருக்கு மனப்பாடம். எனக்குச் சிங்களம் நன்றாக வரும் என்பதால் ஜீப்காரனோடும் தங்கும் இடத்தோடும் கதைக்கும் வேலை என் தலையில் விழுந்தது.

மச்சான் ஒரு ஈர்க்குச்சியை எடுத்து மணலில் இலங்கையை வரைந்தார். நான் வாய் பிளந்துபோனேன். பள்ளிக்கூடச் சுவரில் இருக்கும் படம்கூட அப்படி இருக்காது. கற்பிட்டி நீட்டிக்கொண்டு நிற்கிறது, களப்பின் உப்பேரி உள்ளே வளைகிறது, தீவுகள் ஒவ்வொன்றும் அதது இடத்தில் கிடக்கின்றன. ஆனால் உள்ளுக்குள் ஒன்றுமே இல்லை. கண்டி இல்லை, குருநாகல் இல்லை, ஒரு ரோடுகூட இல்லை. வெறும் மணல். அந்த வெறுமையின் நடுவே, கொஞ்சம் தெற்கே தள்ளி, குச்சியை ஒரே ஒரு குத்துக் குத்தினார்.

"இதுதான் மலை. இனி நீங்க ரோட்டப் போடுங்க" என்றார்.

ஹுனைஸ் சிரித்துக்கொண்டே விரலால் ரோடுகளை இழுத்தார். புத்தளத்தில் இருந்து எலுவன்குளம், அங்கே காடு. திரும்பி வந்து குருநாகல், கண்டி, ஹட்டன், கடைசியில் மலையடிவாரமான நல்லதண்ணி. மச்சான் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார். தான் சுற்றிச் சுற்றி வந்த வீட்டின் உள்ளறைகளை முதன்முதலாகக் காட்டியதுபோல இருந்தது அவருடைய முகம்.

"நாள் எப்ப?" என்று கேட்டேன்.

"நிலா நிறையிற நாள்தான். வேற எப்ப?" என்றார்.

யாரும் மறுக்கவில்லை. நிலா வெளிச்சத்தில் மீன் வலையைக் கண்டு விலகிவிடும், அதனால் முழுநிலவை ஒட்டிய நாட்களில் எங்கள் ஆட்கள் கடலுக்குப் போவதில்லை. கலியாணம், பையன்களுக்குச் சுன்னத்துச் செய்யும் கத்னா, வீடு வேய்வது எல்லாமே எங்களுக்கு நிலாக் காலத்தில்தான். தை மாதத்து நிலாவைக் குறித்தோம். பரீட்சைக்குத் தயாராவது போல எல்லாவற்றையும் யோசித்தோம். மாசிச் சம்பல், இடியப்பம், போர்வை, ராத்தாவின் முழங்காலுக்கு எண்ணெய் என்று ஒன்றும் மறக்கவில்லை. மறந்தது என்ன என்பதை மலையடிவாரத்தில்தான் கண்டோம்.

புறப்படும் அன்று றவூப் நானா ரோட்டோரம் நின்று வழியனுப்பினார்.

"கவனம்டா, மேகத்தில ஏறப் போய் வழுக்கி விழுந்திராத."

மச்சான் வேன் ஜன்னலால் கையை ஆட்டினார், அவ்வளவுதான்.

வில்பத்துவுக்குள் ஜீப் நுழைந்ததும் எங்களுடைய பேச்சு தானாகவே நின்றுவிட்டது. சிவப்பு மண் பாதையின் இரண்டு பக்கமும் மரங்கள் அடர்ந்து, வெயில் கீழே விழாமல் மேலேயே தங்கிவிட்டிருந்தது. திடீரென்று காடு விலகி, வில்லு என்று சொல்லும் காட்டு ஏரி வந்தது. கண்ணுக்கு எட்டிய தூரம் தண்ணீர், தாமரை, அதன் கரையில் மான்கள். றிஃப்னா கேட்ட சிறுத்தை வரவே இல்லை. திரும்பும் வழியில் ஒரு வளைவில் ஜீப்காரன் சட்டென்று எஞ்சினை அணைத்தான். பக்கத்துப் புதருக்குள் இருந்து ஒரு யானை வெளியே வந்து பாதையில் நின்றது.

கையை நீட்டினால் தொடலாம் என்று நான் கதையை ஏற்றிச் சொல்ல மாட்டேன். ஆனால் அதன் மூச்சு எங்களுக்குக் கேட்டது. அதன் வயிற்றுக்குள் ஏதோ உருளும் சத்தம் கேட்டது. கொம்பில்லாத பெரிய யானை, காதோரம் சேறு காய்ந்து வெடித்திருந்தது. அது எங்களைப் பார்த்ததா, பார்க்காமலே போனதா என்று தெரியவில்லை. அது நின்ற அந்த நேரத்தில், நாங்கள் எவ்வளவு சின்ன உயிர்கள் என்று எனக்கு உடம்பெல்லாம் தெரிந்தது. எந்தப் பொருளையும் ஒரு குறை சொல்லாமல் விடாத ராத்தா, முந்தானையை வாயில் வைத்தபடி அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மச்சான்தான் முதலில் வாய் திறந்தார். "கடல்ல இருந்து எத்தனை தரம் கண்டிருக்கிறன். எறும்பு மாதிரி இரிக்கும். சத்தமே இரிக்காது. கிட்ட வந்தா இப்பிடியா?"

அதற்குப் பிறகு, தூரத்தில் கண்டதெல்லாம் கிட்டப் போனால் வேறாக இருக்குமோ என்று அவர் முகத்தில் ஒரு பயம் வந்து உட்கார்ந்துகொண்டது. கண்டி தாண்டி வேன் வளைந்து வளைந்து ஏற, நாங்கள் எல்லோரும் தேயிலைச் சரிவுகளையும் அருவிகளையும் பார்த்து அல்லாஹ் அல்லாஹ் என்று சொல்லிக்கொண்டிருந்தோம். பிறந்ததில் இருந்து மட்டமான நிலத்தையே பார்த்த கண்களுக்கு, பூமி இப்படி எழும்பி நிற்கும் என்பதே நம்ப முடியாத காரியமாக இருந்தது. காது அடைத்தது, றிஃப்னா வாந்தி எடுத்தாள். மச்சான் அதில் ஒன்றையும் ரசிக்கவில்லை.

"நஃபீஸா, எவ்வளவு மலை பாத்தியா? ஒண்டுக்குப் பின்னால ஒண்டு. இவ்வளவும் மறைச்சிக்கிட்டு இரிக்கக்குள்ள அங்க இருந்து கடல் எப்பிடித் தெரியும்?" என்று மெதுவாகக் கேட்டார்.

நல்லதண்ணியில் இறங்கியபோதுதான் எங்கள் திட்டத்தின் பெரிய ஓட்டை தெரிந்தது. வெள்ளை உடுத்த சனம், பஸ் பஸ்ஸாக, ஒரு நாடே இடம் பெயர்ந்து வந்ததுபோல நின்றது. நிலா நிறையும் நாள் எங்களுக்குத் தொழில் இல்லாத நாள். பௌத்தர்களான சிங்கள ஆட்களுக்கோ அது போயா என்னும் புனித நாள், புத்தரின் பாதம் பதிந்த இடம் என்று இதே மலையில் ஏறும் நாள். சிலாபத்தில் இருந்து யாழ்ப்பாணம் வரைக்கும் தெரிந்த இந்த உண்மை, ஆயிரம் போயாவுக்கு இறைச்சிக் கடை பூட்டியிருப்பதைக் கண்ட எங்களுக்கு ஞாபகம் வரவில்லை. சிங்களம் படித்த எனக்கும் வரவில்லை, நாடெல்லாம் ஓடும் ஹுனைஸுக்கும் வரவில்லை. எனக்கு வந்த ஆத்திரத்தில் வேன் கதவை ஓங்கி அடித்துச் சாத்தினேன். கதவு என்ன செய்யும், பாவம்.

இரவு முழுவதும் மலை ஏறினோம் என்று சொல்லத்தான் ஆசை. உண்மையில் இரவு முழுவதும் நின்றோம். படிக்கு ஒரு நிற்பு. ஆனாலும் அந்த நிற்பிலும் ஒரு பெருமை இருந்தது. கைக்குழந்தையோடு வந்தவர்களும் கோல் ஊன்றிய கிழவிகளும் ஒரு முணுமுணுப்பு இல்லாமல் நின்றார்கள். பக்கத்தில் நின்ற ஒரு சிங்கள அம்மா ராத்தாவின் முழங்காலைக் கண்டு, எங்களைக் கேட்காமலே தன் கையில் இருந்த எண்ணெயைத் தேய்த்துவிட்டார். எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்டார். புத்தளம், முஸ்லிம் ஆட்கள் என்றேன். "இது எல்லாருக்கும் பொதுவான மலைதானே மகள்" என்று சிங்களத்தில் சொல்லிவிட்டுத் தேய்ப்பைத் தொடர்ந்தார்.

உச்சி கிட்டத் தெரியும்போதே கிழக்கு வெளுத்துவிட்டது. வரிசை முழுவதும் அப்படியே நின்று கிழக்குப் பக்கம் திரும்பியது. சூரியன் மலைகளுக்கு மேலே ஏறியது. ஆயிரக்கணக்கான சனம் ஒரே குரலில் சாது சாது என்று போற்றியது, எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. முத்தலிபு மச்சான் மட்டும் அந்தப் பக்கம் திரும்பவில்லை. அவருடைய கடல் மலைக்குப் பின்னால், மேற்கே இருந்தது. சனம் அசையாமல் நின்ற அந்த இடைவெளியில் ராத்தாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "கொஞ்சம் வழி, கொஞ்சம் வழி" என்று மேலே போனார். நானும் றிஃப்னாவும் பின்னால் இழுபட்டுப் போனோம். வேனில் தூங்கிக்கொண்டிருந்த ஹுனைஸுக்கு இந்தப் பாக்கியம் கிடைக்கவில்லை.

உச்சியில் எல்லோரும் கிழக்கே நெருக்கியடித்து நிற்க, மேற்குப் பக்கச் சுவரோரம் அநேகமாக ஆள் இல்லை. அதை நெருங்கியதும் மச்சான் நின்றுவிட்டார். சுவருக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டார்.

"எனக்கு ஏலா. நீ பாரு ஹாஜரா" என்றார். இத்தனை வருடம் காத்திருந்த மனிதர் சொன்ன சொல் அது. ராத்தா பார்த்துச் சொன்னால் அது தீர்ப்பு என்று அவருக்குத் தெரியும், எனக்கும் தெரியும்.

ராத்தா போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நானும் போனேன். அங்கே நான் கண்டதை எப்படி எழுதுவது என்று இன்றுவரைக்கும் எனக்குத் தெரியவில்லை. மலையின் நிழல் கீழே விழுந்து கிடந்தது. மூன்று மூலையாக, கோடு போட்டு வரைந்ததுபோல, காடுகளுக்கும் ஊர்களுக்கும் மேலே நீண்டு நீண்டு வானம் முடியும் இடம் வரைக்கும் போயிருந்தது. அந்தப் பக்கத்தில் அதை மறைக்க ஒரு மலையும் இல்லை, நிலம் சரிந்து தாழ்ந்துகொண்டே போனது. அதன் ஓரத்தில், வானத்துக்கும் நிலத்துக்கும் நடுவே, வெள்ளித் தகடு மாதிரி ஒரு கோடு இங்கிருந்து அங்கே வரைக்கும் மின்னியது. நான் அழுதுவிட்டேன். அல்லாஹ்வின் வேலைக்கு முன்னால் வேறு என்ன செய்ய முடியும்?

ராத்தா அழவில்லை. கண்ணைச் சுருக்கி, மீன் வாங்கும்போது செவுளைத் தூக்கிப் பார்ப்பாளே, அந்த மாதிரி நிதானமாகப் பார்த்தாள். பிறகு திரும்பி வந்து புருஷன் முன்னால் நின்றாள்.

"கடல்தான்" என்றாள். "நீங்க அண்டைக்கிக் கண்டது மேகமில்ல."

மச்சான் அப்போதுதான் திரும்பிப் பார்த்தார். சுவரில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு பார்த்தார். தாடி நனைந்துகொண்டிருந்தது.

ராத்தா அதோடு விடுகிற ஆள் இல்லை. என் கையில் இருந்த போனைப் பறித்து றவூப் நானாவுக்கு எடுத்தாள். காற்றில் காது கேட்காமல் ஸ்பீக்கரில் போட்டாள். அங்கே நிலாக் காலம்தானே, தொழில் இல்லாத ஆட்கள் எல்லாம் தேத்தண்ணிக் கடையில் கூடியிருந்த இரைச்சல் கேட்டது.

"றவூப் நானா, நான் ஹாஜரா. மலையில நிண்டு கதைக்கிறன். இஞ்ச இருந்து கடல் தெரியுது. நான் என்ட கண்ணால கண்டன்."

ராத்தா கண்டேன் என்று சொன்னால் எத்தாளையில் அதற்கு மேல் பேச்சு இல்லை. அந்தப் பக்கம் ஒரு சிரிப்பும் வரவில்லை. "அவனுக்கிட்டக் குடுங்க" என்றார் றவூப் நானா. அவர் கடையை விட்டு வெளியே நடப்பது கேட்டது. கிளாஸ் சத்தமும் ஆட்களின் குரலும் தேய்ந்துபோய், காற்றுச் சத்தம் மட்டும் மிஞ்சியது.

"முத்தலிபு, நான் அண்டைக்கி ஒண்டையும் காணல்லடா. வள்ளத்துக்குள்ள குப்புறக் கிடந்தன். கண்ணத் தொறக்கவே பயம். மேகமெண்டு சும்மா சொன்னன்."

"தெரியும்டா" என்றார் மச்சான்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. றவூப் நானாவின் குரல் உயர்ந்தது.

"தெரிஞ்சிக்கிட்டா இவ்வளவு காலமும் சும்மா இருந்தாய்? ஏன் ஒருத்தருக்கிட்டயும் சொல்லல்ல?"

மச்சான் மேற்கே மின்னிய கோட்டைப் பார்த்தபடியே சொன்னார்.

"சொல்லியிருந்தா உனக்கு ஒரு பட்டம் வெச்சிருப்பாங்க."

போனை அணைத்து என்னிடம் தந்துவிட்டு, தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் கடலைப் பார்த்து நின்றார். கீழே நிழல் குறுகத் தொடங்கியிருந்தது. றிஃப்னா, "உம்மா, நிழலப் பாருங்க, போகுது" என்று கூப்பிட்டாள். ராத்தா அந்தப் பக்கம் திரும்பவில்லை. அவள் புருஷனைப் பார்த்துக்கொண்டு நின்றாள். காட்டில் யானை எங்கள் முன்னால் வந்து நின்றபோதுகூட அவள் அவ்வளவு நேரம் பார்க்கவில்லை.